முகூர்த்தத்துக்கு மட்டும் முரண்டு பிடிக்கும் பச்சைக்கிளி

அத்தியாயம் 9

"மூணு மெக்கானிக்கு பாத்தாச்சு. இனி ஒரு பொம்பிள வந்து துப்பறிஞ்சு பாக்கணுமாக்கும்!"

பொன்னையன் முதலாளி இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற அவருடைய தங்கச்சி மகன் அஜேஷ், மாமா சிரித்த அளவுக்குக் கூடாமல் குறையாமல் சிரித்தான். லில்லிக்குட்டிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையைக் குனியவில்லை. குனிந்தால் அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிற ஆட்கள் இவர்கள்.

துப்பறிய வந்த பொம்பிளை, விலாசினி, சிரிப்பு ஓயட்டும் என்று நின்றாள். ஐம்பது வயது. பாறசாலையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவளுடைய ஆபீஸ். முன்பெல்லாம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, இடிபட்ட கார்களைப் பார்த்து எது நிஜம் எது பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். பொய் சொல்வது எப்போதும் கார்கள் இல்லை என்று புரிந்ததும் வேலையை விட்டுவிட்டுத் தனியாகக் கடை போட்டாள். கூட நிற்கிற நார்பர்ட் அவளுடைய உதவியாள். நாற்பது வயதுவரை பொழியூரில் மீன்பிடிப் படகுகளின் இன்ஜினோடு மல்லுக்கட்டியவன். கையைவிட வாய் வேகமாக ஓடும்.

"மூணு பேரும் எப்பம் வந்து பாத்தாவ, மொதலாளி?" என்றாள் விலாசினி.

"எப்பம் பாத்தா என்ன? உச்சைக்கு, சோறு திங்கப் போற வழியில ஏறிப் பாத்திட்டுப் போவாவ. ஒரு குறையும் இல்லையிண்ணு மூணு பேரும் ஒரே வாக்கு."

"எண்ணெ, கிரீசு எல்லாம் ஆரு போடுதா?"

"வர்க்‌ஷாப்புக்காரன். வேற ஒருத்தனும் எனக்க பச்சைக்கிளியைத் தொடப்படாது. கொட்டகைச் சாவி எனக்க மடியிலயாக்கும்."

பச்சைக்கிளி என்றால் அந்தக் கார். பொன்னையனின் அப்பா அந்தக் காலத்தில் கொச்சியில் கப்பலிலிருந்து இறக்கிய சீமைக் கார். இளம்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. வெள்ளறடையில் அவருடைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், தகரம் போட்ட கொட்டகையில் அதற்கு வாசம். சுற்றிலும் ரப்பர் மரங்கள், மழை நேரத்திலும் பால் வெட்டு நிற்கக் கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள். சிங்கமாதம், அதாவது ஆவணி, பிறந்துவிட்டால் பச்சைக்கிளிக்கு ஓய்வே கிடையாது. வெள்ளறடையிலிருந்து பாறசாலை வரைக்கும் கல்யாணப் பெண்கள் அதில்தான் வந்து இறங்குவேன் என்று அடம்பிடிப்பார்கள்.

அதை மூன்று வருஷமாக ஓட்டியவள் லில்லிக்குட்டி. பொழியூர்க் கடப்புறத்தில், அதாவது கடற்கரையில், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, குன்னத்துகாலில் வாடகை வீட்டில் இருக்கிறவள். அவள் ஓட்டினால் பெண்ணின் தலையில் ஒரு பிச்சிப்பூகூட அசையாது என்று இதே பொன்னையன்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கவிழ்ந்தது. காலை முகூர்த்தத்துக்குப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனபோது, குன்னத்துகால் வளைவில் ஸ்டியரிங் திரும்பியது. திரும்பியது, திரும்பியபடியே நின்றுவிட்டது. லில்லிக்குட்டி முழு பலத்தோடு இழுத்தும் வளையம் நேரே வரவில்லை. கார் ஓடைக்குள் இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை, ஆனால் பெண் பட்டுப்புடவையில் சேறோடு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் தாண்டியிருந்தது.

அன்றைக்கு ஜங்ஷனில், ஆட்டோ ஸ்டாண்டும் சந்தையும் கேட்க, பொன்னையன் தொண்டை கிழியக் கத்தினார். "கடப்புறத்துக்காரி கையில வளையத்தைக் குடுத்தேன் பாரு, எனக்க புத்தியைச் செருப்பால அடிக்கணும்! பள்ளிக் கல்யாணமெங்கி ஒழுங்கா ஓட்டுவா. நம்ம முகூர்த்தமெங்கி இவளுக்குக் கை வராது!" பள்ளி என்று அவர் சொன்னது மாதாகோயிலை.

நாளைக் காலையில் அதே ஜங்ஷனில் கல்யாண வண்டிக்காரர்களின் சங்கம் கூடுகிறது. லில்லிக்குட்டியை நம்பி யாரும் வண்டி கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்தால் அவள் பிழைப்பு அதோடு தீர்ந்தது. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடலாம் என்று ஒருவர் தூது வந்தார். அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, அவள் நேராக விலாசினியின் மாடிப்படி ஏறியிருந்தாள்.

"நார்பர்ட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பாரும்" என்றாள் விலாசினி.

உச்சி வெயிலில் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. நார்பர்ட் வண்டியை வெளியே எடுத்து, தோட்டத்தைச் சுற்றி, இரண்டு வளைவில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மேடம், ஒரு விரலால திருப்பினேன். சொன்னபடி கேக்குது. எனக்க வீட்டுல உள்ள கெட்டியோளு இப்படி ஒருநாள் கேட்டிருந்தா நான் எதுக்கு உங்க பின்னால வெயிலில அலையுதேன்?"

"கையில குறை இருந்தா வண்டியில எங்க கிட்டும்?" என்றான் அஜேஷ். அவனுக்குச் சொந்தமாக ஒரு புது வெள்ளைக் கார் உண்டு. கல்யாண வாடகைக்குத்தான் விடுகிறான். சங்கம் முடிவெடுத்ததும் பச்சைக்கிளியும் அவன் கைக்குத்தான் வரப்போகிறது.

விலாசினி ரோட்டைப் பார்த்து நடந்தாள். லில்லிக்குட்டிக்கு அழுகை முட்டியது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

*

ஆரியங்கோட்டுக்குப் போகிற வழியில் ஒரு சாயாக்கடை. மூன்று சாயா, ஒரு தட்டு மரச்சீனிக் கிழங்கும் மீன் கூட்டானும். மீன் நார்பர்ட்டுக்கு.

"ஸ்டியரிங் பிடிச்ச நாளெல்லாம் சொல்லு" என்றாள் விலாசினி. "ஒண்ணு விடாம."

லில்லிக்குட்டி யோசித்து யோசித்துச் சொன்னாள். இந்த மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் வந்தது இந்தச் சீக்கு. முதல் தடவை மணலிவிளையில் ஒரு கல்யாணம். பிறகு காரக்கோணம் பக்கம். பிறகு பாறசாலை கோயிலுக்குப் போனபோது. கடைசியில் இந்த ஓடை. இடையில் எத்தனையோ நாள் வெண்ணெய் மாதிரி ஓடியிருக்கிறது.

"ஓடின நாளு எங்க?"

"பொழியூர் பள்ளி, உச்சக்கடை பள்ளி…" சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

நார்பர்ட் கிழங்கை வாயில் வைத்தபடி நெற்றியில் அடித்துக்கொண்டான். "எனக்க மாதாவே! கோயில் கல்யாணத்துக்கு மட்டும் பிடிக்குது, பள்ளிக் கல்யாணத்துக்கு நல்ல பிள்ளையா போவுது. மேடம், வண்டி ஞானஸ்நானம் எடுத்திட்டு! கேஸ் முடிஞ்சு. இனி அதுக்கு ஒரு புண்ணியவாளன் பேரு போடணும்."

லில்லிக்குட்டி சிரிக்கவில்லை.

"அண்ணே, இதைத்தான் ஊரும் சொல்லுது. நான் வேணுமிண்ணு செய்ததாம். மூணு வருஷம் எத்தனை பெண்ணைக் கோயில் நடையில கொண்டு இறக்கினேன்? அதில ஒருத்திக்கு ஒரு குறை உண்டா? ஓடையில எறங்குன அந்தப் பிள்ளைக்க மொகம் இப்பமும் கண்ணுக்குள்ள நிக்குது. அவளுக்காக நான் அழுதேன். ஆனா மாப்பு கேக்க மாட்டேன். செய்யாத்த தப்புக்கு எதுக்கு மாப்பு? பட்டினி கெடந்தாலும் கேக்க மாட்டேன்."

குரல் உயர்ந்துவிட்டது. சாயா அடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று அவரையே பதிலுக்குப் பார்த்தாள் லில்லிக்குட்டி. அவர் சாயாவுக்குத் திரும்பிவிட்டார்.

நார்பர்ட்டுக்கு முகம் சுருங்கியது. "எனக்க வாயை நாய் நக்க. நான் விளையாட்டுக்குச் சொன்னேன் பிள்ளே. நம்ம ஜிஜிக்க கல்யாணத்துக்குக்கூட நீ வண்டி ஆடி ஆடித்தான் கொண்டு வந்தா. காலம்பறயே ஒரு மடக்குக் குடிச்சிட்டாளோண்ணு நான்—"

"நில்லும்" என்றாள் விலாசினி. "எந்த ஜிஜி?"

"எனக்க சித்தி மகள்" என்றாள் லில்லிக்குட்டி. "பொழியூரில. மாப்பிளைக்கு அண்ணைக்கு உச்சைக்கே பிளைட்டு. அதுகொண்டு பள்ளி அச்சன் காலம்பறக் குர்பானைப் பூசையோட கல்யாணத்தை முடிச்சு வச்சாவ." சொல்லும்போதே அவள் கை தானாகக் காற்றில் ஒரு வளையத்தைப் பிடித்தது. "சேச்சி… அண்ணைக்கும் பிடிச்சுது! நம்ம வீட்டுக் கல்யாணம், ஒண்ணும் ஆவல்ல, சந்தோஷத்தில நான் மறந்தே போனேன்."

"பள்ளிக் கல்யாணத்துக்கு மாலையும் பூவும் வண்டியில எப்பம் கட்டுவா?"

"சாயங்காலக் கல்யாணமெங்கி அண்ணைக்கு உச்சைக்குப் பூக்கடைக்குக் கொண்டு போவேன். வெயிலில நிறுத்திக் கட்டுவாவ."

"முகூர்த்தக் கல்யாணத்துக்கு?"

"தலேநாள் சாயங்காலமே கொட்டகையில வச்சுக் கட்டிருவாவ. ராத்திரி வண்டி அங்க கிடக்கும். வெளுக்கும்போ நான் வந்து எடுப்பேன்."

விலாசினி சாயாக் கிளாசைக் கீழே வைத்தாள். "அப்பம் வண்டிக்கு மதமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ராத்திரி மழையில குளுந்து கிடந்தா பிடிக்குது. வெயிலு கொண்டா விடுது. மூணு மெக்கானிக்கும் உச்சைக்கு வந்தா எப்படிக் கிட்டும்?"

லில்லிக்குட்டிக்கு நெஞ்சில் கிடந்த கல் பாதி இறங்கியது. நார்பர்ட் மேசையைத் தட்டினான். "அஜேஷாக்கும் மேடம்! தலேநாள் பூக்கட்ட ஆளு கொண்டு வாறது ஆரு? அவன். வண்டி ஆருக்க கைக்குப் போவுது? அவனுக்க. பூவு கட்டுற சாக்கில உள்ள எதையோ விட்டிட்டான்."

லில்லிக்குட்டிக்கும் அதுதான் சரியென்று பட்டது. அந்தச் சிரிப்பு ஒன்றே போதாதா?

விலாசினி போனை எடுத்தாள். "மொதலாளியா? நான் விலாசினி. நாளைக்கு வெளுக்கும்போ வண்டியை அஜேஷ் ஓட்டட்டு. பக்கத்தில நீங்க இருங்க. நாங்க பின்னால. ஸ்டியரிங்கு ஒழுங்கா இருந்துதெங்கி, சங்கத்துக்கு நானே வந்து லில்லிக்குட்டிக்க கைக்குறை எண்ணு சொல்லுதேன்."

போனை வைத்ததும் லில்லிக்குட்டி பாய்ந்தாள். "சேச்சி! எனக்க தலையை வச்சா பந்தயம்?"

"தலையை இல்ல, உனக்க கையை வச்சேன். எனக்கு அதில நம்பிக்கை உண்டு. உனக்கு இல்லையா?"

லில்லிக்குட்டி தன் இரண்டு கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "உண்டு" என்றாள்.

*

இரவு முழுக்க மழை கொட்டியிருந்தது. விடிகிற நேரத்தில் ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. பொன்னையன் தலையில் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, மடியிலிருந்து சாவியை எடுத்துக் கொட்டகையைத் திறந்தார்.

அஜேஷ் காத்திருக்கவே இல்லை. கார்ச் சாவியை வாங்கியதும் துள்ளி ஏறி வளையத்தின் முன்னால் உட்கார்ந்தான். "ஏறுங்க, ஏறுங்க! வண்டி எப்படி ஓட்டணுமிண்ணு காட்டித் தாறேன்."

விலாசினி லில்லிக்குட்டியின் காதருகே குனிந்தாள். "ஒரு ஆளு கழிஞ்சு."

லில்லிக்குட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்பதற்குள் நார்பர்ட் அவளைப் பின்சீட்டில் தள்ளி ஏற்றினான். பச்சைக்கிளி உறுமிக்கொண்டு கிளம்பியது.

தோட்டத்து ரோடு நேராக இருந்தவரைக்கும் ஒன்றுமில்லை. லில்லிக்குட்டி அஜேஷின் தோளைவிட்டுக் கண் எடுக்கவில்லை. சின்ன வளைவு ஒன்று வந்தது. தோள் இறுகியது. பேசிக்கொண்டே வந்தவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

"என்ன லே?" என்றார் பொன்னையன்.

"ஒண்ணுமில்ல மாமா."

"பைய ஓட்டு மக்கா" என்றாள் விலாசினி பின்னாலிருந்து. "அடுத்தது இறக்கம்."

இறக்கத்தில் ரோடு இடது பக்கமாக ஒடிந்தது. அஜேஷ் திருப்பினான். கார் திரும்பியது. பிறகு நேராக்க வேண்டிய இடத்தில் அவன் வளையத்தை விட்டான், அது நகராமல் அப்படியே நின்றது. இரண்டு கையாலும் இழுத்தான். சீட்டிலிருந்து எழும்பி இழுத்தான்.

"மாமா! பிடிச்சிட்டு! மாமா!"

"பிரேக்கை சவுட்டுலே!" என்று கத்தினாள் லில்லிக்குட்டி.

சவுட்டினான். நல்லவேளை, வேகம் இல்லை. பச்சைக்கிளி ரோட்டோரத்து மரச்சீனி விளைக்குள் இறங்கி, நாலைந்து செடியை மடக்கிப்போட்டுவிட்டு நின்றது.

"நல்லா ஓட்டிக் காட்டித் தந்தா மக்கா" என்றான் நார்பர்ட். "கிழங்கும் பறிச்சாச்சு. மீனு மட்டும் இருந்தா போதும்."

பொன்னையன் துவர்த்தை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். லில்லிக்குட்டி இறங்கினாள். கைகொட்டிச் சிரிக்க வேண்டும்போலவும் யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது. தன் கை இல்லை! தன் கை இல்லவே இல்லை!

நார்பர்ட் பானட்டைத் திறந்து, ஸ்டியரிங் கம்பி வந்து சேருகிற இரும்புப் பெட்டியைக் கண்டுபிடித்து, அதன் மேலிருந்த திருகாணியைக் கழற்றினான். ஓட்டைக்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்தான். குச்சி லேசில் வரவில்லை. வந்தபோது நுனியில் கறுப்பாக ஒன்று இழுபட்டுக்கொண்டு வந்தது.

"கிரீசுதானே" என்றார் பொன்னையன்.

"தொட்டுப் பாருங்க" என்றாள் விலாசினி.

அவர் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது. விலாசினி மூன்றடி நடந்து, விளைக்கு எல்லையாக நின்ற ரப்பர் மரத்தின் பிளாஸ்டிக் பாவாடையைத் தூக்கினாள். பாவாடை மரத்தோடு சேருகிற இடத்தில், பட்டையைச் சுற்றி, அதே கறுப்பு. மழைத்தண்ணி உள்ளே இறங்காமல் பிளாஸ்டிக்கை மரத்தில் பிடித்து நிறுத்துகிற பசை.

"இது குளுரில கல்லாக்கும், வெயிலில பாகாக்கும். வருஷாவருஷம் மரத்தில பூசுதிய. ஆரோ வண்டிக்கும் பூசிட்டாவ."

எல்லாருடைய கண்ணும் அஜேஷின் மேல் விழுந்தது. லில்லிக்குட்டி ஏற்கெனவே அவனை நோக்கி ஒரு அடி வைத்துவிட்டாள். அவன் மரச்சீனி இலையோடு பின்னால் நகர்ந்தான். "சத்தியமா நான் இல்ல! எனக்க அம்மையாண!"

"அவன் இல்ல, லில்லி" என்றாள் விலாசினி. "உள்ள விஷம் விட்டவன் அந்தக் கஞ்சியை ஆசையா வாங்கிக் குடிப்பானா? சாவியைப் பறிச்சுக்கொண்டு ஏறினானே, பாத்தியா? அதுக்குத்தான் அவனை ஓட்டச் சொன்னேன். இவன் ஆசைக்காரன், அவ்வளவுதான்." பிறகு பொன்னையன் பக்கம் திரும்பினாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "ஒண்ணு மட்டும் எனக்கு மனசிலாவல்ல மொதலாளி. இவ்வளவு கட்டியான சாதனம் இந்தச் சின்ன ஓட்டை வழியா எப்படி உள்ள போச்சு?"

"அடுப்பில வச்சு இளக்கித்தான்…" என்று ஆரம்பித்த பொன்னையன் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.



நார்பர்ட் குச்சியைத் தரையில் போட்டான்.

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. பச்சைக்கிளியை அடுத்தவன் தொட்டால் பொன்னையனுக்குப் பொறுக்காது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆன பிறகு, இனி காருக்குக் கீழே குனிந்தால் நான் என் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி பிரேமகுமாரி சொல்லிவிட்டாள். அதனால் வர்க்‌ஷாப்பு பார்க்கிறது என்று ஊருக்கும் வீட்டுக்கும் சொல்லிவிட்டு, மழை தொடங்கும் முன்னால் யாருக்கும் தெரியாமல் அவரே பெட்டிக்குள் கிரீஸ் விட்டார். டப்பாவில் கட்டியாக இருந்தது. பழைய கிரீஸ், உறைந்துவிட்டது என்று நினைத்து அடுப்பில் இளக்கி, புனல் வைத்து, ஆசை ஆசையாக ஊற்றினார்.

"டப்பாவில கிரீசு எண்ணுதான் எழுதியிருந்துது" என்றார். உடனே நெஞ்சு நிமிர்ந்தது. "செல்லையன்! பால்வெட்டுக்காரன் செல்லையன்! மிச்சம் வந்த பசையை காலி கிரீசு டப்பாவில போட்டு வச்சவன் அவன்தான்! எல்லாம் அவனுக்க வேலை!"

"நாக்கு அடங்கல்ல பாத்தியளா?" லில்லிக்குட்டி பொங்கிவிட்டாள். "நேத்துவரை நான். செத்த நேரம் முன்ன அஜேஷ். இப்பம் செல்லையனா? தோட்டத்தில உள்ள எல்லாரும் தீந்தா பின்ன மரத்தைச் சொல்லுவிய! ஊத்தின கை ஆருக்க கை மொதலாளி?"

பொன்னையன் தன் விரலைப் பார்த்தார். கறுப்பு இன்னும் போகவில்லை. அவர் குரல் இறங்கியது.

"நடந்தது நடந்துபோச்சு பிள்ளே. நமக்குள்ள இருக்கட்டு. ரோட்டில எண்ணெ கெடந்து வழுக்கிச்சு, உன் பேரில குத்தமில்லண்ணு சங்கத்தில நான் சொல்லிக்கிடுதேன். இண்ணைக்கே நீ வண்டியை எடுத்துக்கோ. கூலியும் கூட்டித் தாறேன்."

லில்லிக்குட்டி வீட்டு வாடகையை நினைத்தாள். தலையாட்டினால் போதும், இன்றைக்கே வளையம் கைக்கு வரும். ஊரில் மட்டும் அந்தப் பேச்சு அப்படியே கிடக்கும். கடப்புறத்துக்காரி தப்பித்துவிட்டாள் என்பார்கள். அடுத்த முகூர்த்தப் பெண் காரில் ஏறும்போது அவளுடைய அம்மை இவள் முகத்தை ஒருமாதிரி பார்ப்பாள்.

"ரோட்டில எண்ணெ கெடக்கல்ல" என்றாள். "என்னைச் சொன்னது ஜங்ஷனில வச்சு. எடுக்குறதும் ஜங்ஷனில வச்சு. இல்லாட்டி வண்டியும் வேண்டாம், கூலியும் வேண்டாம்."

"நாலு ஆளுக்க முன்ன நான் எப்படிப் பிள்ளே…"

"நாப்பது ஆளுக்க முன்ன நான் நிண்ணேனே!"

பொன்னையன் விலாசினியைப் பார்த்தார். விலாசினி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். அந்த வேலை இப்போதைக்கு முடிகிற மாதிரித் தெரியவில்லை.

*

நார்பர்ட் மண்ணெண்ணெய் விட்டுப் பெட்டியைக் கழுவி, கறுப்பெல்லாம் வழித்தெடுத்து, புது எண்ணெய் ஊற்றி முடிக்க வெயில் ஏறிவிட்டது. படகு இன்ஜினைவிட இது மரியாதையான சாமான் என்று சர்ட்டிபிகேட் வேறு கொடுத்தான்.

குன்னத்துகால் ஜங்ஷனில் சங்கத்துக்காரர்கள் கூடியிருந்தார்கள். ஆட்டோக்காரர்கள், சந்தைக்கு வந்தவர்கள், ஓடையில் இறங்கிய பெண்ணின் அப்பா உட்பட எல்லாரும் அங்கே உண்டு. பச்சைக்கிளி வந்து நின்றது. ஓட்டி வந்தது நார்பர்ட். பொன்னையன் இறங்கி, துவர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒரு சின்னப் பிசகு நடந்துபோச்சு" என்றார். "எல்லாரும் அதை மறந்திரணும்."

"பிசகு தானா நடந்து வந்து பெட்டிக்குள்ள ஏறிச்சா?" லில்லிக்குட்டி அவருக்கு எதிரே வந்து நின்றாள். "ஆரு செய்ததுண்ணு சொல்லுங்க."

"நான்தான்."

"கேக்கல்ல மொதலாளி. அண்ணைக்குச் சந்தையைத் தாண்டி அங்கோட்டு கேட்டுது."

பொன்னையனின் கழுத்து நரம்பு புடைத்தது. திட்டப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். "நானாக்கும்!" என்று கத்தினார். "எனக்க கையால ரப்பர் பசையை இளக்கி ஊத்தினேன்! ஸ்டியரிங்கு பிடிச்சது அதனால! இவளுக்க கையில ஒரு குறையும் இல்ல! போதுமா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லில்லிக்குட்டி சிரிக்கவில்லை.

"போதாது. நம்ம முகூர்த்தம், உங்க பள்ளி எண்ணு ஒண்ணு சொன்னிய. அதையும் எடுங்க."

இது கனமான சாமான். கூட்டம் அடங்கிவிட்டது. பொன்னையன் தரையைப் பார்த்தார், பெண்ணின் அப்பாவைப் பார்த்தார், கடைசியில் லில்லிக்குட்டியைப் பார்த்தார். இந்தத் தடவை கத்தவில்லை. கத்தாமலே எல்லாருக்கும் கேட்டது.

"அது நான் சொல்லப்படாத்த சொல்லு. வண்டி போச்சேண்ணு வந்த வெப்பிராளத்தில வாயில வந்த கேவலம். பொறுத்துக்கோ மோளே."

லில்லிக்குட்டிக்கு அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை, வரட்டும் என்று விட்டுவிட்டாள். பெண்ணின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "இளையவளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். காலம்பற முகூர்த்தம். வண்டியை நீதான் கொண்டுவரணும்."

"வாறேன்" என்றாள் லில்லிக்குட்டி.

சங்கம் எதற்குக் கூடியது என்பதையே மறந்து கலைய ஆரம்பித்தது. பொன்னையன் முன்பக்கக் கதவைத் திறந்து, வழக்கமான தன் இடத்தில் உட்காரப் போனார்.

"அங்க நார்பர்ட்டண்ணன் இருக்கட்டு" என்றாள் லில்லிக்குட்டி, வளையத்தின் முன்னால் ஏறிக்கொண்டே. "நீங்க பின்னால ஏறுங்க. கல்யாணப் பெண்ணு இருக்குற இடத்தில."

ஜங்ஷன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பொன்னையன் பின்கதவைத் திறந்து விலாசினியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். சொந்தக் காரில் அவர் பின்சீட்டில் உட்கார்ந்து அந்த ஊர் கண்டதில்லை.

கார் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் அந்த வளைவு வந்தது.

"பைய போ பிள்ளே. வளைவாக்கும்" என்றார் பின்னாலிருந்து.

"மொதலாளி, இப்பம் வண்டி ஓட்டுறது ஆரு?"

பொன்னையன் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நீதான்."

"அப்பம் வாயை மூடி மிண்டாம இரிங்க."

லில்லிக்குட்டி வளையத்தைத் திருப்பினாள். வளைவு முடிந்து ரோடு நேராகிற வரைக்கும் அவர் மிண்டவில்லை.